கணிதம் பயின்றோருக்கு முழுநேரப் பணி எங்கே இருக்கிறது?

கல்லூரிச் சேர்க்கை நடைபெறும் மாதங்களில் கல்விக் கடன் கேட்டு நமது கிளைகளுக்கு வரும் பெற்றோர் சிலர், வட்டி விகிதத்தைக் கேட்பதற்கு முன்பே வேறொரு வினாவை எழுப்புகின்றனர். "மகள் கணிதம்தான் படிப்பேன் என்கிறாள். அதைப் படித்துவிட்டு ஆசிரியர் வேலையைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?" பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் கடன் கேட்பவர்கள் இவ்வாறு கேட்பதில்லை. அங்கே படிப்பின் பெயரும் தொழிலின் பெயரும் ஏறத்தாழ ஒன்றே. கணிதத்தில் அப்படி இல்லை. "கணிதவியலாளர் தேவை" என்று நாளிதழில் விளம்பரம் வெளிவந்து நாம் பார்த்ததில்லை. ஆயினும் காப்பீட்டு நிறுவனங்களிலும், வங்கிகளிலும், அரசின் கணக்கெடுப்பு அலுவலகங்களிலும் கணிதம் பயின்றவர்கள் மாதச் சம்பளம் பெற்று அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் எந்தக் கதவின் வழியே உள்ளே சென்றார்கள், அக்கதவுகளில் எவை இன்று அகலமாகத் திறந்திருக்கின்றன, எவை குறுகி வருகின்றன என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

முதலில் "முழுநேரப் பணி" என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டியுள்ளது. நம் நாட்டின் வேலைவாய்ப்பு விவரங்கள் பெரும்பாலும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பிலிருந்து பெறப்படுகின்றன. 2017 முதல் நடைபெற்று வரும் இக்கணக்கெடுப்பின் நடப்பு வார அளவுகோலின்படி, கடந்த ஏழு நாள்களில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்தவரும் வேலையில் உள்ளவராகவே கருதப்படுவார். நாட்டின் பொருளாதாரத்தை அளவிட அது பொருத்தமான வரையறையாக இருக்கலாம். ஆனால் பத்தாண்டுகளுக்கு மாதத் தவணை செலுத்த வேண்டிய குடும்பத்துக்கு அது போதாது. நமக்குத் தேவைப்படுவது அதே கணக்கெடுப்பில் "முறையான ஊதியம் பெறுவோர்" எனக் குறிக்கப்படும் பிரிவாகும். 2023-24ஆம் ஆண்டில் நாட்டில் வேலையில் இருந்தோருள் இப்பிரிவினர் 21.7 விழுக்காடு மட்டுமே. சுயதொழில் புரிவோர் 58.4 விழுக்காடு, எஞ்சியோர் தினக்கூலிகள். முறையான ஊதியம் பெறுவோரிலும் வேளாண்மை அல்லாத துறைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு எழுத்து வடிவிலான பணி ஒப்பந்தம் கிடையாது. ஆகவே கணிதத் துறையில் வேலை பெருகுகிறதா என்று மட்டும் கேட்டால் போதாது; எத்தகைய வேலை பெருகுகிறது என்றும் கேட்க வேண்டும்.

தேசியத் தொழில் வகைப்பாடு 2015 என்னும் அரசு ஆவணம், கணிதவியலாளர், ஆக்சுவரி, புள்ளியியலாளர் ஆகிய மூவரையும் 2120 என்னும் ஒரே எண்ணின் கீழ் வைக்கிறது. கணித ஆசிரியர் அப்பெட்டியில் இல்லை. அவர் ஆசிரியர்களோடு எண்ணப்படுகிறார். வங்கியின் இடர் மேலாண்மைப் பிரிவில் இருப்பவர் நிதித் துறையினரோடும், மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவர் மென்பொருளாளர்களோடும் எண்ணப்படுவதுண்டு. ஒரே வகுப்பில் ஒன்றாகப் படித்த நால்வர், நான்கு வெவ்வேறு பெட்டிகளில் போய்ச் சேர்கிறார்கள். கணிதம் படித்தால் வேலை இல்லை என்னும் பேச்சு நிலைத்து நிற்பதற்கு இச்சிதறலும் ஒரு காரணம் என்பது எமது கருத்து.

வகுப்பறை

கணிதப் பட்டதாரிகளுக்கு மிகப் பரந்த வாயில் இன்றும் கல்வித் துறையே. பள்ளியில் கணிதத்தைத் தவிர்க்க இயலாது; ஆகவே கணித ஆசிரியரையும் தவிர்க்க இயலாது. மத்திய அரசின் பள்ளிகளில் முதுநிலைப் பட்டதாரி ஆசிரியராகச் சேர்பவரின் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் ரூ.47,600. கல்லூரியில் உதவிப் பேராசிரியராகப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஊதிய விகிதத்தில் நியமிக்கப்படுபவருக்கு அது ரூ.57,700. இவற்றின் மீது அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேரும்.

ஆனால் நிரந்தர நியமனங்கள் ஆண்டுதோறும் ஒழுங்காக நடைபெறுவதில்லை. காலியிடங்கள் நிரப்பப்படும் வரை வகுப்புகள் நிற்கமாட்டா அல்லவா? அவ்விடைவெளியைக் கௌரவ விரிவுரையாளர்களே நிரப்புகின்றனர். இவர்களுக்கு ஒரு வகுப்புக்கு ரூ.1,500 வீதம், மாதத்துக்கு ரூ.50,000க்கு மிகாமல் வழங்கலாம் என்று மானியக் குழு 2019இல் நிர்ணயித்தது. நடைமுறையில் இத்தொகை மாநிலத்துக்கு மாநிலம், கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடுகிறது. வகுப்பு எண்ணிக்கையால் ஊதியம் கணக்கிடப்படும் இடங்களில் விடுமுறை மாதங்களில் வருமானம் இல்லை. ஒரே கல்லூரியில், அடுத்தடுத்த அறைகளில், ஒரே தேற்றத்தை நிறுவிக்காட்டும் இருவரில் ஒருவருக்கு ஓய்வூதியக் கணக்கு உண்டு. மற்றவருக்கு அடுத்த பருவத்தில் வகுப்பு உண்டா என்பதே தெரியாது. கல்வித் துறையில் முழுநேரப் பணியை எதிர்பார்த்துக் கடன் பெறுவோர் இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். பட்டத்தோடு நிறுத்திவிடாமல் பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வு, தேசிய தகுதித் தேர்வு போன்றவற்றுக்கான ஆண்டுகளையும் செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

அரசின் கணக்கெடுப்பாளர்கள்

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, புள்ளியியல் என்பது தனியொரு தொழிலாக நம் நாட்டில் வேரூன்றியிருக்கவில்லை. வங்காளத்தின் சணல் விளைச்சலை முழுமையாக எண்ணிப் பாராமல், சில வயல்களை மட்டும் தேர்ந்து அளந்து மதிப்பிட முடியும் என்று அவரும் அவருடைய குழுவினரும் நிறுவிக் காட்டினர். 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியதும் அம்முறை நாடு முழுவதற்கும் விரிந்தது. அக்காலத்தில் "கம்ப்யூட்டர்" என்பது ஒரு பதவியின் பெயர். கைக் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் கூட்டியும் பெருக்கியும் அட்டவணை தயாரித்த ஊழியர்களே அவ்வாறு அழைக்கப்பட்டனர். 1956இல் நாட்டின் முதல் மின்னணுக் கணிப்பொறி அதே நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது. காலப்போக்கில் அப்பதவியின் பெயரை இயந்திரம் எடுத்துக்கொண்டது, பதவி மறைந்தது. ஆனால் எந்த வயலை அளப்பது, கிடைத்த விடையை எந்த அளவுக்கு நம்புவது என்று முடிவெடுக்கும் புள்ளியியலாளரின் தேவை மறையவில்லை. செயற்கை நுண்ணறிவைப் பற்றிய இன்றைய அச்சத்தைக் கேட்கும்போதெல்லாம் எமக்கு இந்நிகழ்வே நினைவுக்கு வருகிறது.

அண்மையில் மறைந்த சி.ஆர். ராவ் இத்துறைக்குள் வந்த கதையும் வேலை தேடலில் தொடங்கியதே. ராணுவத்தின் நிலஅளவைப் பிரிவில் ஒரு பணிக்கான நேர்காணலுக்காகக் கல்கத்தா சென்றிருந்த இளைஞர், அவ்வேலை கிடைக்காத நிலையில் மகலனோபிஸின் நிறுவனத்தைப் பற்றி அறிந்து, 1941இல் அங்கே சேர்ந்தார். 2023இல் அவருக்குப் பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு வழங்கப்பட்டது.

இன்று மத்திய அரசில் புள்ளியியலாளராகச் சேர இரு முதன்மையான வழிகள் உள்ளன. ஒன்று, 1961இல் அமைக்கப்பட்ட இந்தியப் புள்ளியியல் பணி. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் இதற்கான தேர்வை நடத்துகிறது. புள்ளியியலை ஒரு பாடமாகப் பயின்ற பட்டதாரிகளும், புள்ளியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றோரும் 21 முதல் 30 வயது வரை எழுதலாம்; உரிய பிரிவினருக்கு வயதுத் தளர்வு உண்டு. தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.56,100. ஆனால் ஓராண்டில் அறிவிக்கப்படும் இடங்கள் பெரும்பாலும் சில பத்துகளைத் தாண்டுவதில்லை. மற்றது, பணியாளர் தேர்வு வாரியத்தின் ஒருங்கிணைந்த பட்டதாரிகள் தேர்வின் வழியாக நிரப்பப்படும் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பதவி. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் 60 விழுக்காடு பெற்ற எந்தப் பட்டதாரியும் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ரிசர்வ் வங்கியும் தனது புள்ளியியல் மற்றும் தகவல் மேலாண்மைத் துறைக்குத் தனியே அலுவலர்களைத் தேர்வு செய்கிறது.

முன்னாள் ரிசர்வ் வங்கி ஆளுநர் சி. ரங்கராஜன் தலைமையிலான ஆணையம் 2001இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 2006இல் தேசியப் புள்ளியியல் ஆணையம் அமைக்கப்பட்டது. கணக்கெடுப்புகளின் வேகமும் கூடியுள்ளது: தொழிலாளர் கணக்கெடுப்பின் முடிவுகள் 2025 முதல் மாதந்தோறும் வெளிவருகின்றன. வேலை பெருகியிருப்பது உண்மை. எனினும் களத்தில் வீடு வீடாகச் செல்வோரில் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்படுவோரும் உண்டு என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சட்டம் கேட்கும் கையொப்பம்

ஆக்சுவரி என்னும் சொல் நம் வாடிக்கையாளர் பலருக்குப் புதியதாக இருக்கலாம். அவருடைய வேலையோ உங்கள் வீட்டுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. நீங்கள் எடுத்துள்ள ஆயுள் காப்பீட்டுக்கு எவ்வளவு பிரீமியம் என்று தீர்மானித்தவர் அவரே.

அவர் அதை எவ்வாறு செய்கிறார் என்பதை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரே வயதுடைய 10,000 பேர் தலா ரூ.50 லட்சத்துக்குக் காப்பீடு செய்துகொள்வதாகக் கொள்வோம். அவர்களில் ஓராண்டில் 10 பேர் இறக்கக்கூடும் என்று இறப்பு விகித அட்டவணை கூறுவதாகவும் கொள்வோம். அந்தப் பத்துக் குடும்பங்களுக்கு வழங்க வேண்டிய தொகை ரூ.5 கோடி. அதைப் பதினாயிரம் பேருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு ரூ.5,000. இதன் மீது நிர்வாகச் செலவும், முகவர் கழிவும், எதிர்பாராத இழப்புக்கான ஒதுக்கமும் சேர்ந்து பிரீமியமாகின்றன. யார் அந்தப் பத்துப் பேர் என்பது எவருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. பத்து என்னும் எண்ணிக்கை பிழையின்றி இருக்க வேண்டும். அதுவே அவருடைய பொறுப்பு. அதைக் குறைத்து மதிப்பிட்டால் நிறுவனம் நொடியும். கூட்டி மதிப்பிட்டால் வாடிக்கையாளர் வேறிடம் செல்வார். நம் நாட்டின் காப்பீடு பெற்றோரின் அனுபவத்தைக் கொண்டு தயாரிக்கப்பட்ட 2012-14ஆம் ஆண்டுகளுக்கான இறப்பு விகித அட்டவணை 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது.

1956இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியதிலிருந்து 2000 வரை ஆயுள் காப்பீட்டில் ஏறத்தாழ ஒரே முதலாளிதான். ஆக்சுவரியாக விரும்பியவர் பெரும்பாலும் அங்கேதான் செல்ல வேண்டியிருந்தது. 2000இல் தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி வழங்கப்பட்டபோது, ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் நியமன ஆக்சுவரி ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்று விதிமுறை வந்தது. பொதுக் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் இதில் அடங்கும். 2006ஆம் ஆண்டின் ஆக்சுவரிகள் சட்டம் இத்தொழிலுக்குச் சட்டப்பூர்வ அமைப்பை அளித்தது. அச்சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய ஆக்சுவரிகள் நிறுவனமே தேர்வுகளை நடத்துகிறது.

காப்பீட்டுக்கு வெளியேயும் தேவை உண்டு. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குப் பிற்காலத்தில் வழங்க வேண்டிய பணிக்கொடை, ஓய்வூதியம், விடுப்பு ஊதியம் ஆகியவற்றின் இன்றைய மதிப்பைத் தம் கணக்கேட்டில் காட்ட வேண்டும் என்பது கணக்கியல் தரநிலை. நமது வங்கி போன்ற பெரிய நிறுவனங்கள் இதனை ஆண்டுதோறும் ஆக்சுவரியின் மதிப்பீட்டைக் கொண்டே செய்கின்றன.

இத்தொழிலில் முழுநேரப் பணி நிலைத்திருப்பதற்கான காரணம் இங்கேதான் உள்ளது. சந்தை சரிந்தாலும் உயர்ந்தாலும் ஆக்சுவரியின் கையொப்பம் இல்லாமல் காப்பீட்டு நிறுவனம் தன் ஆண்டுக் கணக்கை முடிக்க இயலாது. சந்தை உருவாக்கிய வேலையைச் சந்தையே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். சட்டம் உருவாக்கிய வேலை அவ்வளவு எளிதில் மறைவதில்லை.

எனினும் மறுபக்கத்தையும் கூற வேண்டும். நுழைவுத் தேர்வில் வெற்றி பெற்ற பின், ஃபெல்லோ என்னும் முழுத் தகுதியை அடையப் பத்துக்கும் மேற்பட்ட தாள்களில் தேர்ச்சி பெற வேண்டும். பலருக்கு இது பல ஆண்டுகள் பிடிக்கும். பயிற்சி மாணவர்கள் பல ஆயிரம் பேர் இருக்க, நாடு முழுவதும் ஃபெல்லோக்கள் சில நூறு பேரே உள்ளனர். நற்செய்தி என்னவெனில், சில தாள்களில் தேர்ச்சி பெற்றவுடனேயே காப்பீட்டு நிறுவனங்களிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் முழுநேரப் பணியில் சேர்ந்து, வேலை செய்துகொண்டே எஞ்சிய தாள்களை எழுதலாம். கல்லூரிக் கட்டணம் போன்ற பெருந்தொகை இதற்குத் தேவையில்லை. ஆண்டுக் கணக்கில் பொறுமை தேவை. அதற்குக் கடன் கொடுக்கும் வங்கி எதுவும் இல்லை.

வங்கிக்குள் கணிதம்

எமது சொந்த வீட்டுக்கு வருவோம். ஒரு தலைமுறைக்கு முன் கடன் விண்ணப்பத்தைப் பரிசீலித்தவர் கிளை மேலாளர். ஊரில் அக்குடும்பத்துக்கு உள்ள பெயர், கடையின் வரவு, தந்தையின் நாணயம் ஆகியவற்றை எடைபோட்டு அவர் முடிவெடுத்தார். இன்று அவருடைய மேசைக்கு 300 முதல் 900 வரையிலான ஒரு மதிப்பெண்ணும் வந்து சேர்கிறது. கடந்த காலத்தில் லட்சக்கணக்கானோர் கடனை எவ்வாறு திருப்பிச் செலுத்தினர் என்பதைக் கொண்டு, இவர் தவறக்கூடிய நிகழ்தகவை மதிப்பிடும் புள்ளியியல் கணக்கே அம்மதிப்பெண். அதை உருவாக்குவோரும் சரிபார்ப்போரும் கணிதம் பயின்றவர்கள்.

இத்தேவை இனி மேலும் கூடும் என்று நாம் கருதுவதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. இதுவரை, கடனாளர் தவணை தவறிய பின்னரே வங்கி அக்கடனுக்காகப் பெருமளவில் நிதி ஒதுக்கி வந்தது. எதிர்பார்க்கப்படும் இழப்பை முன்கூட்டியே மதிப்பிட்டு ஒதுக்கீடு செய்யும் முறையைப் பற்றிய விவாத அறிக்கையை ரிசர்வ் வங்கி 2023 ஜனவரியில் வெளியிட்டது. 2025 அக்டோபரில் வெளியான வரைவு, 2027 ஏப்ரல் 1 முதல் இதை நடைமுறைப்படுத்த முன்மொழிந்தது. இம்முறையில் வங்கி மூன்று எண்களை மதிப்பிட வேண்டும்: கடனாளர் தவறுவதற்கான வாய்ப்பு, தவறினால் மீட்க இயலாத பங்கு, தவறும் வேளையில் நிலுவையில் இருக்கும் தொகை. ஆயிரம் பேருக்குத் தலா ஒரு லட்ச ரூபாய் கடன் தந்திருந்தால் மொத்தம் ரூ.10 கோடி. தவறும் வாய்ப்பு 2 விழுக்காடு, மீட்க இயலாத பங்கு 60 விழுக்காடு என்றால், எதிர்பார்க்கப்படும் இழப்பு ரூ.12 லட்சம்.

கணக்கு இவ்வளவுதானா என்று தோன்றலாம். பெருக்கல் எளிது, அந்த 2 விழுக்காட்டைக் கண்டுபிடிப்பதே கடினம். நகைக் கடனுக்கும் பயிர்க் கடனுக்கும் வீட்டுக் கடனுக்கும் அது வேறுபடும். மழை பொய்த்த ஆண்டில் ஒருவிதமாகவும், நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் வேறுவிதமாகவும் இருக்கும். ஒருமுறை கணித்துவிட்டு ஓய்ந்துவிடவும் முடியாது. ஒரு குழு உருவாக்கிய மாதிரியை, அதில் தொடர்பில்லாத வேறொரு குழு தொடர்ந்து சோதித்து வர வேண்டும். ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்துபோகும் ஆலோசகரால் இதை நிறைவேற்ற இயலாது. நிறுவனத்துக்குள்ளேயே ஆண்டுக் கணக்கில் இருப்போரே வேண்டும். மோசடிப் பணப் பரிமாற்றங்களைக் கண்டறியும் பணியும் இத்தகையதே. 2016இல் யு.பி.ஐ. வந்த பின் பரிமாற்றங்கள் பெருகிய வேகத்தில், எது வழக்கமானது, எது ஐயத்துக்குரியது என்று மனிதக் கண்ணால் பிரித்தறிய இயலாது. நள்ளிரவில் உங்கள் கணக்கிலிருந்து புதியதொரு கணக்குக்குப் பெருந்தொகை செல்ல முயலும்போது ஓர் எச்சரிக்கைச் செய்தி வருகிறதெனில், அதன் பின்னே ஒரு நிகழ்தகவுக் கணக்கு ஓடியிருக்கிறது.

தரவு அறிவியல்: வாய்ப்பும் எச்சரிக்கையும்

1990களின் இறுதியில் வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் தம் பகுப்பாய்வுப் பணிகளைக் குருகிராமில் தொடங்கின. அது பின்னர் பெங்களூரு, ஐதராபாத், புணே, சென்னை எனப் பரவியது. ஜி.சி.சி. எனப்படும் உலகளாவிய திறன் மையங்கள் 2023-24இல் நாட்டில் 1,700க்கும் மேல் இருந்தன. அவற்றில் சுமார் 19 லட்சம் பேர் பணியாற்றினர். இவர்கள் அனைவரும் கணிதப் பணியாளர்கள் அல்லர். எனினும் வெளிநாட்டு வங்கி, காப்பீட்டு நிறுவனங்களின் இடர் மதிப்பீடும் ஆக்சுவரிப் பணியும் இம்மையங்களின் வழியே இந்தியாவுக்கு வந்துள்ளன. புள்ளியியல் முதுநிலைப் பட்டதாரிகளுக்கு இன்று நல்ல ஊதியம் தரும் வாயில்களுள் இது முதன்மையானது.

இங்கே தொடக்க நிலைப் பணிகள் மாறி வருகின்றன. வாராந்திர அறிக்கை தயாரித்தல், விளக்கப்படம் வரைதல், எளிய நிரல் எழுதுதல் போன்றவற்றை மென்பொருளே செய்யத் தொடங்கிவிட்டது. கருவியை இயக்க மட்டும் கற்றவரின் இடம் சுருங்குகிறது. கருவி தந்த விடை ஏன் தவறு என்று சொல்லக்கூடியவரின் இடம் சுருங்கவில்லை. நேர்காணல்களில் பைத்தான், எஸ்.கியூ.எல். ஆகியவற்றோடு நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் கேட்கப்படுவது இதனாலேயே. இந்தியப் புள்ளியியல் நிறுவனம், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம் போன்றவை நுழைவுத் தேர்வின் வழியே மாணவர்களைச் சேர்த்து இவ்வடித்தளத்தை அளிக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பில், ஜே.இ.இ. எழுதாதவர்களும் அதன் தகுதிச் சுற்றில் தேறிச் சேரலாம்.

இன்னொரு பக்கம், சில மாதங்களில் தரவு அறிவியலாளர் ஆக்குவதாகவும், வேலை உறுதி என்றும் கூறிப் பெருங்கட்டணம் பெறும் பயிற்சி நிலையங்கள் பெருகியுள்ளன. கட்டணத்தை "எளிய தவணை"யில் செலுத்தலாம் என்பார்கள். அத்தவணை பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ தந்த கடனே. பணம் முழுவதும் பயிற்சி நிலையத்துக்குச் சென்றுவிடும்; படிப்பைப் பாதியில் விட்டாலும் கடன் நிற்காது; தவணை தவறினால் கடன் மதிப்பெண் குறையும். 2024 அக்டோபர் முதல், கடன் தருவோர் வட்டி, கட்டணங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய முக்கிய விவர அறிக்கையைச் சில்லறைக் கடனாளருக்கு வழங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைக் கேட்டுப் பெற்று, படித்த பின்னரே கையொப்பமிடுங்கள். வேலை உறுதி என்பதன் பொருள் என்ன, எத்தகைய வேலை, கிடைக்காவிடில் கட்டணம் திரும்ப வருமா என்பனவற்றையும் எழுத்தில் கேளுங்கள்.

ஆய்வுப் பாதை

1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்த இராமானுஜன், அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்தின் எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை கிடைத்த பிறகே முழுநேரமும் கணிதத்தில் ஈடுபட முடிந்தது. இன்று நிலைமை அதைவிட மேம்பட்டுள்ளது. கணித அறிவியல் பாடத்தில் தேசிய தகுதித் தேர்வில் தேறி இளநிலை ஆய்வாளராகச் சேர்பவருக்கு 2023 முதல் மாதம் ரூ.37,000 வழங்கப்படுகிறது, பின்னர் அது ரூ.42,000 ஆகிறது. 1983இல் அமைக்கப்பட்ட தேசிய உயர் கணித வாரியமும் உதவித்தொகைகள் அளிக்கிறது. ஆனால் முனைவர் பட்டத்துக்குப் பின் நிரந்தரப் பதவி கிடைக்கும் வரை, இரண்டாண்டு, மூன்றாண்டு என்று தற்காலிகப் பணிகளில் கழியும் காலம் நீளமானது. குடும்பப் பொறுப்பு உடனடியாகத் தோளில் விழும் மாணவர்கள் இதை எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

கடனும் நியமனக் கடிதமும்

கல்விக் கடனில் ரூ.7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை விடுப்புக் காலமாகும். கணித மாணவருக்கு அந்த ஓராண்டு முக்கியமானது. அரசுத் தேர்வுகளின் அறிவிப்பு முதல் நியமனம் வரை அதற்கு மேலும் ஆகலாம் என்பதால், இடையில் வருமானத்துக்கு வழி என்ன என்று முன்பே சிந்திக்க வேண்டும்.

வேலை கிடைத்ததும் நியமனக் கடிதத்தை முழுமையாகப் படியுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எழுத்து வடிவிலான நியமனக் கடிதத்தை வலியுறுத்துகின்றன. வரையறுத்த காலத்துக்கு நியமிக்கப்படுபவரும் ஓராண்டுப் பணிக்குப் பின் பணிக்கொடைக்கு உரியவராகிறார். கடிதத்தில் காட்டப்படும் ஆண்டு ஊதியத்தில், மாதந்தோறும் கையில் வருவது எவ்வளவு, ஆண்டு இறுதியில் செயல்திறனைப் பொறுத்து வருவது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். தவணையை முதல் தொகையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு ரூ.3 லட்சம் வீதம் ரூ.6 லட்சம் கடன். வட்டி 10 விழுக்காடு என வைத்துக்கொள்வோம். படிப்பும் ஓராண்டு விடுப்பும் முடியும்போது சேரும் தனி வட்டி ரூ.1.5 லட்சம். அதையும் அசலோடு சேர்த்துப் பத்தாண்டுகளில் செலுத்தினால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.9,911. மாறாக, முதலாண்டில் மாதம் ரூ.2,500, அடுத்த இரண்டு ஆண்டுகளில் மாதம் ரூ.5,000 என்று வட்டியை மட்டும் அவ்வப்போது செலுத்தி வந்தால், தவணை ரூ.7,929 ஆகக் குறையும். முன்கூட்டிச் செலுத்திய ஒன்றரை லட்சத்துக்கு ஈடாக, பத்தாண்டுகளில் ஏறத்தாழ ரூ.2.38 லட்சம் மிச்சமாகும். இவ்வாறு வட்டியை உடனுக்குடன் செலுத்துவோருக்கு வட்டி விகிதத்தில் ஒரு விழுக்காடு வரை சலுகை அளிக்கவும் கல்விக் கடன் திட்டத்தில் இடமுண்டு. விண்ணப்பிக்கும்போதே கிளையில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.